ராக்கீஸ் தோத்ததுக்கு புல்பென்னை மட்டும் திட்டுறது நியாயமா?

நைட்ஷிஃப்ட்_குன்னூர்:

வணக்கம். குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில ராத்திரி ஷிஃப்ட். விதரிங், அதாவது கொழுந்தை வாட வைக்கிறது, என் பொறுப்பு. காலை 6 மணிக்கு ஆள் மாத்திட்டு நடந்தா வீடு பத்து நிமிஷம். சரியா 6:10க்கு டென்வர்ல பேஸ்பால் ஆரம்பிக்கும், அங்க முந்தின நாள் சாயங்காலம் 6:40. கொலராடோ ராக்கீஸுக்கு நான் ரசிகன் ஆன கதை அவ்வளவுதான். அக்கா மகன் டென்வர் பக்கத்துல அரோராவுல இருக்கான், மேட்ச் பாக்கற பாஸ்வேர்டு அவனோடது. நியூயார்க் மேட்ச் எல்லாம் விடியக்காலம் 4:35க்கே வந்துரும், அப்ப நான் ட்ரஃப்ல கொழுந்து புரட்டிட்டு இருப்பேன்.

அவங்க கூர்ஸ் ஃபீல்டு ஸ்டேடியத்துல மேல் மாடியில ஒரே ஒரு வரிசை நாற்காலிக்கு மட்டும் ஊதா பெயின்ட் அடிச்சிருக்காங்க. கடல் மட்டத்துல இருந்து சரியா ஒரு மைல், 5,280 அடின்னு அர்த்தமாம். அக்கா மகன் போட்டோ அனுப்பினப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம குன்னூர் ரயில்வே ஸ்டேஷனே 5,600 அடிக்கு மேல. அதுக்கு யாரு பெயின்ட் அடிச்சா?

விஷயத்துக்கு வர்றேன். 2025 சீசன்ல 43 ஜெயிச்சு 119 தோல்வி. 2023ல 103, 2024ல 101, அதுக்கு மேல இது. அடிச்சது 597 ரன், குடுத்தது 1,021. 424 ரன் பள்ளம். 1900க்கு அப்புறம் எந்த டீமும் இவ்வளவு ஆழத்துல விழுந்ததில்ல.

பொங்கலுக்கு போன் பண்ணினப்ப அக்கா மகன், "மாமா, புல்பென்ல உக்காந்திருக்கிற எட்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினாத்தான் உருப்படும்"னான். கடைசி மூணு இன்னிங்ஸ்ல எத்தனை மேட்ச் கையை விட்டுப் போச்சுன்னு ஒரு பட்டியலே வாசிச்சான். எனக்கு மனசு ஒப்பல. வாக்குவாதம் முத்திப் போய் அக்கா போனைப் பிடுங்கி "நல்ல நாளும் அதுவுமா என்னடா"ன்னு ரெண்டு பேரையும் வஞ்சாங்க.

நீங்க சொல்லுங்க. தப்பு புல்பென்னா? முதல்ல போடற ஸ்டார்ட்டரா? இல்ல எல்லாத்துக்கும் அந்த மலைக்காத்துதான் காரணமா? உறைபனி விழுந்து கொழுந்து இல்ல, வாரத்துல மூணு நாள்தான் மெஷின் ஓடுது. சண்டை போட எனக்கு நேரம் இருக்கு.

கார்க்பால்_கோத்தகிரி:

அண்ணா, முதல்ல புல்பென்னா என்னன்னு சொல்லுங்க. ஏதோ மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கு. எங்க ஊர்ல ஒருத்தன் அடி வாங்கினா கேப்டன் பந்தைப் பிடுங்கி அடுத்தவன்கிட்ட குடுப்பான், அவன் ரெண்டு ஓவர் ரெஸ்ட் எடுத்துட்டுத் திரும்ப வருவான். இதுல என்ன கஷ்டம்? அப்புறம் காத்து லேசா இருக்கிறதுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்? எங்க கிரவுண்டுல மிஸ்ட் இறங்கினா பந்து பாம்பு மாதிரி நெளியும்.

நைட்ஷிஃப்ட்_குன்னூர்:

தம்பி, அந்தத் "திரும்ப வருவான்" இங்க கிடையாது. பேஸ்பால்ல ஒருத்தனை வெளிய எடுத்தா அன்னைக்கு அவன் கதை முடிஞ்சது. அதனால வெளிய ஒரு மூலையில, மாத்திப் போட வர்ற ரிலீவர்கள் ஏழெட்டு பேர் காத்திருப்பாங்க, அந்த இடம்தான் புல்பென். கூர்ஸ் ஃபீல்டுல அது வலது பக்க எல்லைக்குப் பின்னாடி, பைன் மரமும் செயற்கை அருவியுமா இருக்கும், பாக்க நம்ம ஊர் மாதிரியே. டீம் உக்கார்ற டக்அவுட்ல இருந்து போன் வரும். "அவனை எழுப்பு"ம்பாங்க. எழுந்து இருபது முப்பது பந்து போட்டு உடம்பைச் சூடாக்கணும். சில நாள் சூடாக்கினவனைக் கூப்பிடவே மாட்டாங்க, உக்காருன்னுருவாங்க. அந்த இருபது பந்து எந்தக் கணக்குலயும் வராது. ஆனா தோளுக்குத் தெரியும்.

2020ல இருந்து இன்னொரு விதி. உள்ள வந்தவன் குறைஞ்சது மூணு பேட்டருக்காவது போடணும், இல்லேன்னா அந்த இன்னிங்ஸை முடிச்சுக் குடுக்கணும். கை சரியா வரலைன்னு முதல் பேட்டர்லயே தெரிஞ்சாலும் நின்னு அடி வாங்கித்தான் ஆகணும்.

இப்ப கணக்கு போடு. ஒரு மேட்ச்ல 27 பேரை அவுட் ஆக்கணும். ஸ்டார்ட்டர் நாலு இன்னிங்ஸ்ல விழுந்துட்டா 12 பேர்தான் ஆச்சு, மிச்சம் 15 பேர் புல்பென் தலையில. நாளைக்கும் மேட்ச். நாளான்னைக்கும் மேட்ச். ஆறு மாசத்துல 162 ஆட்டம். ராக்கீஸ் ஸ்டார்ட்டர்களோட இ.ஆர்.ஏ. 2025ல 6.65. அதாவது ஒம்பது இன்னிங்ஸுக்கு ஆறரை ரன்னுக்கு மேல குடுத்திருக்காங்க. அந்தக் கணக்கை அதிகாரப்பூர்வமா வைக்க ஆரம்பிச்ச 1913ல இருந்து இதைவிட மோசம் இல்லையாம். இதை வெச்சுக்கிட்டு எட்டாவது இன்னிங்ஸ்ல வந்தவனைத் திட்டுறாங்க!

எங்க ஃபேக்டரியில இதே கதைதான். மத்தியானக் கொழுந்தை மூட்டையில அமுக்கி அமுக்கி கட்டிக் கொண்டாந்திருப்பாங்க. லாரியிலயே சூடாகி செவந்து போயிருக்கும். அதை ராத்திரி பூரா ட்ரஃப்ல விரிச்சு, ஃபேனைக் கூட்டிக் குறைச்சு எவ்வளவு காப்பாத்த முடியுமோ அவ்வளவும் காப்பாத்துவோம். காலையில டேஸ்டிங்ல டீயில நிறம் இல்லைன்னா முதல் கேள்வி, "நைட் ஷிஃப்ட்ல யாரு?" இருபத்திரெண்டு வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்டுட்டு இருக்கேன். அதனால போன் அடிச்சதும் எழுந்து ஓடற ரிலீவரைப் பாத்தா எனக்கு ஏதோ சொந்தக்காரன் மாதிரி இருக்கும்.

காத்து பத்திக் கேட்டியே. சுழன்டுட்டு வர்ற பந்து மேல காத்து மோதித்தான் அது வளையும். டென்வர்ல காத்தோட அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு கம்மி. சமவெளியில 18 அங்குலம் வளையற கர்வ் பந்து அங்க 15 அங்குலத்தோட நின்னுரும். பேட் மேல நடுவுல வந்து குந்தும். அடிச்சா போறதும் தூரம் அதிகம். மிஸ்ட்ல பந்து நெளியறதுக்கு உங்க கிரவுண்டு சரிவுதான் காரணம்னு நினைக்கிறேன், கோவிச்சுக்காத.

கார்க்பால்_கோத்தகிரி:

சரிவு இல்லண்ணா, எங்க பவுலர் கை. ஆனா தூரம் போறது உண்மைதான். அதனாலதான் பந்து தேயிலைக்குள்ள விழுந்தா ரெண்டு ரன்னோட சரி, பந்தைத் தேடறது அடிச்சவன் வேலைன்னு சட்டம் போட்டிருக்கோம். அதுக்கப்புறம் எவனும் ஓங்கி அடிக்கிறதில்ல.

கொடை_கேட்சர்:

அண்ணே, கொடைக்கானல்ல இருந்து எழுதுறேன். எங்கப்பா இங்க அமெரிக்கப் பிள்ளைங்க படிச்ச பள்ளிக்கூடத்துல தோட்டவேலை பாத்தாரு. யாரோ ஊருக்குத் திரும்பறப்ப விட்டுட்டுப் போன ஒரு பழைய கேட்சர் கிளவுஸை வீட்டுக்குக் கொண்டாந்தாரு. அதை மாட்டிக்கிட்டு பேரிஜம் ரோட்டுல அண்ணன் எறியற கல்லையெல்லாம் பிடிச்சிருக்கேன். அந்த உரிமையில சொல்றேன், நீங்க புல்பென்னைக் காப்பாத்தப் போய் காத்து மேல பழியைப் போட்டுராதீங்க.

2025 மே 10 ஞாபகம் இருக்கா? சான் டியேகோ கிட்ட 21-0 தோல்வி. அதே கூர்ஸ் ஃபீல்டு, அதே காத்து. எதிரணி பிட்சர் ஸ்டீபன் கோலக் ஒம்பது இன்னிங்ஸும் அவரே போட்டு ஒரு ரன் குடுக்கல. நம்ம ஸ்டார்ட்டர் நாலாவது இன்னிங்ஸை முடிக்கல. அந்தப் பக்கம் நிக்கறவனுக்கு மட்டும் ஆக்ஸிஜன் தனியா சப்ளை பண்ணினாங்களா? 1996ல ஹிதேயோ நோமோ இதே மைதானத்துல ஒரு ஹிட்டுகூடக் குடுக்காம மேட்ச்சை முடிச்சாரு. பந்தை ஈரப்பதப் பெட்டியில வைக்காத காலம் அது.

அதை விடுங்க, நம்ம பிட்சர் கைல் ஃப்ரீலேண்ட் டென்வர்லயே பிறந்தவர். 2018ல அவரோட இ.ஆர்.ஏ. 2.85. முடியும்ணே. இவங்களுக்கு வகை தெரியல. நான் மேனேஜரா இருந்தா ஸ்டார்ட்டருங்கிற பேச்சையே எடுத்துருவேன். 2018ல டாம்பா பே பண்ணின மாதிரி முதல் இன்னிங்ஸுக்கே ஒரு ரிலீவரை இறக்கு, அப்புறம் ஆளுக்கு ரெண்டு இன்னிங்ஸ். எந்த பேட்டரும் ஒரே பிட்சரை மூணாவது தடவை பாக்கவே கூடாது.

மெரினா_மஞ்சள்:

2025ல சென்னையும் ஐபிஎல்ல கடைசி இடம்தான். அழறதுக்கு கொலராடோ வரைக்கும் போகணுமா சார்?

நைட்ஷிஃப்ட்_குன்னூர்:

மெரினா தம்பி, அந்த மேட்ச் எல்லாம் ராத்திரி ஏழரைக்கு. அப்ப நான் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிட்டு இருப்பேன். உங்க அழுகையை நீங்க அழுங்க.

கேட்சர் தம்பிக்கு வர்றேன். கோலக் விஷயம் சரி, வாயடைச்சுட்டீங்க. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை காலையில நான் போனைத் திறந்து பாத்துட்டு, மூடி வெச்சுட்டு, பல் தேச்சுட்டு வந்து திரும்பவும் திறந்தேன். ஸ்கோர் தப்பா காட்டுதோன்னு. இதுல கூத்து என்னன்னா மறுநாள் 9-3ன்னு ஜெயிச்சாங்க. ஜெயிச்ச கையோட மேனேஜர் பட் பிளாக்கை வேலையில இருந்து எடுத்துட்டாங்க. அப்ப 7 வெற்றி, 33 தோல்வி.

ஆனா அந்த ரெண்டு இன்னிங்ஸ் யோசனை இருக்கே, அதை இவங்க ஏற்கெனவே செஞ்சு பாத்து சூடுபட்டவங்க. 2012 ஜூன்ல அஞ்சு ஸ்டார்ட்டர் நாள் மாத்தி நாள் போடற முறையை விட்டு நாலு பேருக்குக் கொண்டு வந்து, ஆளுக்கு 75 பந்துன்னு அளவு வெச்சாங்க. மிச்சத்தைப் பின்னாடி வர்றவங்க பாத்துக்கணும். அந்த வருஷம் 98 தோல்வி. முதல்ல வர்றவன் தலையில பாதி பாரத்தை எடுத்தா, அது ஆவியாப் போயிருமா? பின்னாடி இருக்கிறவன் தலையிலதான வரும்? டாம்பா பே கடலோரம், அங்க ரிலீவர் மூணு நாள் தொடர்ந்து போட்டாலும் எழுந்துருவான். இந்த உயரத்துல களைப்பு தெளிய நாளாகும்னு அங்க ஆடின பிட்சர்களே சொல்றாங்க. சமவெளியில இருந்து நம்ம வீட்டுக்கு வர்ற விருந்தாளி முதல் ரெண்டு நாள் படி ஏறிட்டு மூச்சு வாங்கறதை நாம பாக்கறதில்லையா?

அந்த ஈரப்பதப் பெட்டி பத்திச் சொன்னீங்களே, எனக்கு இந்த ஆட்டத்துலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான். கொலராடோ காத்து காய்ஞ்ச காத்து. பந்து அலமாரியில கிடந்தே சுருங்கி, வழுக்கி, கல்லு மாதிரி ஆயிருமாம். அங்க ஸ்டேடியத்துல மின்வேலை பாத்த ஒருத்தர், தன்னோட வேட்டைக்குப் போற தோல் பூட்ஸ் காய்ஞ்சு சுருங்கினதைப் பாத்துட்டு, பந்தும் தோல்தானேன்னு யோசிச்சிருக்காரு. 2002ல இருந்து ஒரு குளிர் அறையில 50 சதவீத ஈரப்பதம், 21 டிகிரி சூட்டுல பந்தை வைக்கிறாங்க. எல்லைக்கு மேல தூக்கி அடிக்கிற ஹோம் ரன் குறைஞ்சுச்சு. 2022ல இருந்து முப்பது டீமும் அதே மாதிரி வைக்கணும்னு சட்டமே ஆயிருச்சு. இருபது வருஷம் ராக்கீஸைக் கிண்டல் பண்ணினவங்க கடைசியில அவங்க பெட்டியைத்தான் வாங்கி வெச்சிருக்காங்க! நான் ராத்திரி முழுக்க ஈர பல்பு, உலர்ந்த பல்பு ரெண்டு தெர்மாமீட்டரையும் மாத்தி மாத்தி பாத்து நோட்டுல குறிக்கிறவன். ஃபெர்மென்டிங் ரூம்ல ஈரப்பதம் 90க்குக் கீழ இறங்கினா அன்னைக்கு டீ கெட்டுச்சு. அந்த மின்வேலைக்காரர் கதையைப் படிச்சன்னைக்கு சந்தோஷத்துல அக்கா மகனுக்கு நடுராத்திரியில போன் பண்ணிட்டேன். அவனுக்கு அது பகல், ஏதோ மீட்டிங்ல இருந்திருக்கான்.

ராக்பைல்_உதகை:

அண்ணா, நான் உதகைக்காரன், இப்போ டென்வர்ல. ராக்பைல்ங்கிறது இங்க நடுப்பக்கம் ரொம்ப பின்னாடி இருக்கிற மலிவு டிக்கெட் இடம், அங்கதான் உட்காருவேன்.

நீங்க ரெண்டு பேரும் விட்ட ஒண்ணைச் சொல்றேன். இந்த மைதானத்துல பந்து தூரம் போகுதுன்னு எல்லையைத் தள்ளி வெச்சாங்க, நடுவுல 415 அடி. ஹோம் ரன் கொஞ்சம் குறைஞ்சது, ஆனா ஃபீல்டர்களுக்கு நடுவுல ஒரு தேயிலைத் தோட்டமே போடலாம், அவ்வளவு காலி இடம். லேசா தட்டினதெல்லாம் போய் விழுந்து ரெண்டு பேஸ். ஹோம் ரன்னைவிட இந்தச் சில்லறை அடிதான் பிட்சரைக் கொல்லும். ஒரு இன்னிங்ஸுக்கு 15 பந்து போட வேண்டியவன் 28 போடுவான். அங்கதான் புல்பென் போன் அடிக்க ஆரம்பிக்கும்.

சேஸ் டாலண்டரைப் பாருங்க. 2023ல டீம்கள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்ல முதல் சுற்றுலயே எடுத்த பையன், 2025 ஏப்ரல்ல அறிமுகம். வெளியூர்ல போட்டா நல்ல பிட்சர். வீட்டுல போட்டா இ.ஆர்.ஏ. வெளியூரைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. ஒரே பையன், ஒரே கை. அதனால காத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஆனா வெளியூர்ல இந்த டீம் வீட்டைவிட அதிகமா தோத்திருக்கு, அதுக்கும் காத்தா காரணம்? இங்க வளையாத பந்தையே பாத்துப் பழகின நம்ம பேட்டர்கள் சமவெளிக்குப் போனதும் வளையற பந்தைப் பாத்து திருதிருன்னு முழிக்கிறாங்க.

புல்பென்னைப் பொறுத்தவரை நான் அண்ணா கட்சி. ஜிம்மி ஹெர்கெட்டோட இ.ஆர்.ஏ. 2025ல மூணுக்குக் கீழ. விக்டர் வோட்னிக், சேத் ஹால்வர்சன் ரெண்டு பேரும் மணிக்கு 100 மைல் எறியறவங்க. உருப்படியா இருந்த ஜேக் பேர்டையும் டைலர் கின்லியையும் சீசன் நடுவுல மத்த டீமுக்குக் குடுத்துட்டாங்க. வீட்டுப் பாத்திரத்தை வித்துட்டு சமையல் சரியில்லைன்னா எப்படி?

ஆகஸ்ட் 1 மேட்ச்சுக்கு நான் நேர்ல போயிருந்தேன். பிட்ஸ்பர்க் முதல் இன்னிங்ஸ்லயே 9 ரன். பக்கத்துல இருந்த குடும்பம் பிள்ளைங்களைத் தூக்கிட்டுக் கிளம்பிருச்சு. நான் பார்க்கிங்குக்கு குடுத்த காசுக்காக உட்காந்திருந்தேன். கடைசியில 17-16, பிரென்டன் டாயில் ஹோம் ரன் அடிச்சு ஜெயிச்சோம். யாருன்னே தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடிச்சு என் சட்டையில மஸ்டர்டு அப்பிட்டாரு.

நைட்ஷிஃப்ட்_குன்னூர்:

தம்பி, அந்த மேட்ச்! அன்னைக்கு இங்க சனிக்கிழமை காலை. முதல் இன்னிங்ஸைப் பாத்துட்டு படுத்துட்டேன். பத்து மணிக்கு எழுந்து பாத்தா அக்கா மகன் 41 மெசேஜ் போட்டிருக்கான். வாழ்க்கையில தூங்கினதுக்கு நான் வருத்தப்பட்டது ரெண்டே தடவை, ஒண்ணு அது. இன்னொண்ணை இங்க எழுத முடியாது.

சில்லறை அடி விஷயம் எனக்கு உறைக்கவே இல்ல, அது சரியான பேச்சு. எல்லையைத் தள்ளி வெச்சதுல ஒரு நோயைத் தீத்து இன்னொண்ணை வாங்கியிருக்காங்க. கேட்சர் தம்பி, உங்க ஃப்ரீலேண்ட் வாதத்தையும் பாதி ஒத்துக்கிறேன். ஒருத்தரால ஒரு வருஷம் முடிஞ்சுது. ஆனா அஞ்சு பேரால வருஷா வருஷம் முடியணுமே. 2000 டிசம்பர்ல மைக் ஹாம்ப்டன்ங்கிற பிட்சருக்கு எட்டு வருஷத்துக்கு 12 கோடி டாலருக்கு மேல குடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க, ரெண்டே சீசன்ல அனுப்பி வெச்சாங்க. கீழ இருந்து ஆளை விலைக்கு வாங்கிட்டு வர்றது இங்க நடக்காத காரியம். மேலயே நாத்து விட்டு வளக்கணும். அதுக்கு வசதியா அவங்களோட அடுத்த நிலை டீம் அல்புகர்கியில, அதுவும் 5,000 அடிக்கு மேல. அங்கயே பையன்களை ரெண்டு வருஷம் போட விட்டு, வளையற பந்தை நம்பாம வேகத்தையும் கீழ்நோக்கி இறங்கறதையும் பழக்கினா என்ன? டீம் நிர்வாகத்துக்குப் புதுசா வந்திருக்கிற பால் டிபொடெஸ்டா கணக்குல கெட்டிக்காரர்ங்கிறாங்க. இந்தக் கணக்கைப் போடட்டும்.

கொடை_கேட்சர்:

பாதி ஒத்துக்கிட்டீங்கள்ல, எனக்கு அது போதும்ணே. மீதிப் பாதிக்கு ஏப்ரல்ல வர்றேன். அந்த ரெண்டாவது தூக்கம் என்னன்னு மட்டும் தனியா சொல்லுங்க.

கார்க்பால்_கோத்தகிரி:

அண்ணா, ஞாயித்துக்கிழமை எங்க மேட்ச்ல நானும் ஒருத்தனைப் பின்னாடி சூடாக்கச் சொல்லி நிக்க வெச்சேன். போன் இல்ல, விசில். அவன் சூடாகி சூடாகி, கூப்பிட்டப்ப டீ குடிக்கப் போயிருந்தான்.

நைட்ஷிஃப்ட்_குன்னூர்:

அவன் நல்ல ரிலீவர் தம்பி, விட்டுராதே.

ஒரு சின்ன உதவி எல்லாருக்கும். ஏப்ரல்ல இருந்து என்னைப் பகல் ஷிஃப்ட்டுக்கு மாத்தறாங்க, காலை 6 மணிக்கே உள்ள இருக்கணும். 6:10 மேட்ச் இனி எனக்கு இல்ல. உள்ள போனை எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க, சாயங்காலம்தான் இங்க வருவேன். உதகை தம்பி, மேட்ச் முடிஞ்சதும் நீங்க எழுதுங்க. ஸ்கோரை முதல் வரியில போட்டுறாதீங்க. ஸ்டார்ட்டர் எத்தனாவது இன்னிங்ஸ்ல போனான், போன் அடிச்சப்ப முதல்ல எழுந்தது யாரு, அதைச் சொல்லிட்டு அப்புறமா ஸ்கோருக்கு வாங்க.